யோகாவின் குரலுக்காகக் கொக்கிளாய் வரை

இந்த வலைப்பதிவைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்குத் தெரியும், நான் வழக்கமாக ஓர் இடத்தைப் பார்ப்பதற்காகத்தான் பயணம் போவேன். இந்தத் தடவை போனது ஒருத்தியின் குரலுக்காக. மாசி மாத நடுப்பகுதியில், வன்னியில் காலபோக நெல் அறுவடை நடந்துகொண்டிருந்த நாட்களில், கொழும்பிலிருந்து கிளிநொச்சிக்கும் அங்கிருந்து முல்லைத்தீவு வழியாகக் கொக்கிளாய்க்கும் போய்வந்தேன். பாதை விபரம் மட்டும் தேவைப்படுபவர்கள் கடைசிப் பகுதிக்குத் தாவலாம். கோபிக்க மாட்டேன்.

ஒரு சனிக்கிழமை காலை யோகா தொலைபேசியில் அழைத்தாள். பல வருடங்களுக்கு முன் கிளிநொச்சியில் உள்ள பல்கலைக்கழகப் பொறியியல் வளாகத்தில் என்னுடைய ஆய்வுத் திட்டத்துக்கு உதவியாளராக இருந்தவள். இப்போது முல்லைத்தீவுக் கரையோரத்தில் ஒரு பாடசாலையில் கணினி ஆசிரியை. கொக்கிளாயில் கல்யாணம் கட்டி, இரண்டு வயது நிரம்பாத ஒரு பெண்பிள்ளையோடு இருக்கிறாள்.

"மிஸ், கழுத்தில ஒரு கட்டி. தைரொயிட் எண்டு சொல்லினம். வாற மாதம் யாழ்ப்பாணத்தில ஒப்பரேசன்" என்றாள். ஏதோ சந்தைக்குப் போவதைச் சொல்வது போன்ற தொனி.

"டொக்டர் என்ன சொல்லுறார்?"

"பயப்பிட வேண்டாமாம். ஆனா குரலுக்குப் போற நரம்பு அதுக்குப் பக்கத்திலதானாம். குரல் போகலாம், போகாமலும் விடலாமாம்." பிறகு கேட்டாள்: "எங்கட றெக்கோடிங் எல்லாம் இன்னும் இருக்கோ மிஸ்?"

அந்த றெக்கோடிங் என்னவென்று சொல்வதற்கு என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கிழமை நாட்களில் நான் கொழும்பில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பேச்சுத் தொழில்நுட்ப ஆய்வாளர். எழுதியதைக் கணினி வாய்விட்டு வாசிக்கச் செய்வதுதான் என் வேலை. ஒரு காலத்தில் இரண்டு கிழமைக்கு ஒருமுறை ரயிலேறிக் கிளிநொச்சிக்குப் போய் வருகைதரு விரிவுரையாளராகப் படிப்பித்தேன். போகவர உள்ள நேரத்தில் சிறுகதையும் கட்டுரையும் எழுதினேன். நிறுவனத்தில் என்னை 'கம்பஸ் ஆள்' என்பார்கள். வளாகத்தில் 'கொம்பனி ஆள்' என்பார்கள். எழுத்தாளர்களின் கூட்டங்களில் 'கொம்பியூட்டர் மிஸ்' என்று அறிமுகப்படுத்துவார்கள். மூன்று இடத்திலும் நான் விருந்தாளிதான்.

மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தது ஒரே ஒரு தடவை. தமிழுக்கு ஒரு கணினிக் குரல் செய்ய வளாகத்துக்குச் சிறிய ஆய்வுப் பணம் கிடைத்தது. கணினிகளை நிறுவனம் தந்தது. வாசிப்பதற்கு நூற்றுக்கணக்கான வாக்கியங்கள் தேவைப்பட்டன. மற்றவர்களின் புத்தகத்திலிருந்து எடுக்க முடியாது, உரிமைப் பிரச்சினை. ஆகவே நானே எழுதினேன். 'வெள்ளம் வடிந்ததும் ஞானம் தன் வண்டிலைத் தேடிப் போனான்' என்பது போல, தமிழின் எல்லா ஒலிகளும் வரும்படி, ஒவ்வொன்றும் தனித்தனியாக நிற்கும் குட்டி வாக்கியங்கள். அவற்றை வாசித்த குரல் யோகாவுடையது.

நிறுவனத்தில் செய்த கணினிக் குரல் அவளுடையதுதான். ஆனால் அது செய்தி வாசிப்பது போலப் பேசும். அதைத்தான் அவள் அன்று தொலைபேசியில் சொன்னாள்: "அது என்ர குரல்தான் மிஸ். ஆனா நான் கதைக்கிற கதை இல்லை. பிள்ளைக்கு அதைக் கேட்டா ஆரோ ஒரு ஆள் எண்டுதான் விளங்கும்."

"நான் வாறன் யோகா. ஒப்பரேசனுக்கு முன்னம் நீர் கதைக்கிறதைப் பதிஞ்செடுப்பம்" என்றேன்.

கொழும்பு கோட்டையிலிருந்து காலை ரயில். ஆறு மணிக்குச் சற்று முன் புறப்படுகிறது. முன்பதிவு செய்த இரண்டாம் வகுப்பு இருக்கைக்கு ஏறத்தாழ இரண்டாயிரம் ரூபா கொடுத்தேன். வவுனியா வரை இடப்பக்கத்து யன்னலில் வெயில் படாது. ஒரு காலத்தில் இந்த வண்டியில் எனக்கென்று ஒரு மூலை இருந்தது. விடைத்தாள் திருத்தியதும், நிறுவனத்துக்கு அறிக்கை எழுதியதும், அந்த வாக்கியங்களை எழுதியதும் அங்கேதான். மாங்குளம் வந்தால் எல்லாவற்றையும் பையில் போட்டுவிட்டு வெளியே பார்ப்பேன். பாலை மரங்களும் போர் முடிந்தபின் புதிதாகக் கூரை போட்ட வீடுகளும் ஓடிப்போகும். இந்தத் தடவையும் பார்த்தேன். கூரைகள் இப்போது பழசாகியிருந்தன. அதைப் பார்க்க மனதுக்கு ஆறுதலாக இருந்தது.

கிளிநொச்சியில் இறங்கும்போது பிற்பகல் ஒன்று. வளாகம் நகரத்திலிருந்து தெற்கே, இரணைமடுக் குளத்துக்குப் போகும் பக்கம் இருக்கிறது. ஓட்டோவுக்கு அறுநூறு ரூபா. நான் எடுத்த பாடத்தை இப்போது எடுப்பவர் கஜன். என்னிடம் படித்தவர். முன்கூட்டியே துறையில் கேட்டு அனுமதி எடுத்து, பழைய பதிவுகளைப் பிரதி எடுத்து வைத்திருந்தார்.

"கொம்பனியில இருக்கிறது வெட்டித் திருத்தினது மிஸ். இது முதல் எடுத்த மாதிரியே கிடக்கு. நாங்கள் ஒண்டையும் அழிக்கேல்லை" என்றார்.

பதிவு செய்த அறையையும் காட்டினார். அந்த நாளில் அது ஒரு களஞ்சிய அறை. ஒலிபுகாத அறை கட்டப் பணம் இல்லை. மாணவர் விடுதியில் கழித்துவிட்ட மெத்தைகளைச் சுவரோடு கட்டி, மின்விசிறியை நிறுத்திவிட்டு, வியர்த்து வழிய உட்கார்ந்திருப்போம். உழவு இயந்திரம் போனால் நிறுத்துவோம். மழை வந்தால் அன்றைக்கு வேலை இல்லை. இரணைமடு அணைக்கட்டுக்குப் போய்க் குளம் நிரம்புவதைப் பார்ப்போம். இப்போது அந்த அறையில் குளிரூட்டியும் கணினிகளும் இருக்கின்றன. நான் வாசலிலேயே நின்றுவிட்டு வந்தேன்.

அன்றிரவு கிளிநொச்சியில் தங்கினேன். சாதாரண அறை, காலைச் சாப்பாட்டோடு நாலாயிரத்து ஐந்நூறு ரூபா. மறுநாள் காலை முல்லைத்தீவு பஸ். பரந்தனில் திரும்பிப் புதுக்குடியிருப்பு வழியாகப் போகும். கிட்டத்தட்ட அறுபது கிலோமீற்றர். இரண்டு மணித்தியாலம் எடுத்தது. இந்தப் பருவத்தில் வீதியின் ஒரு கரை முழுக்க நெல் காயப் போட்டிருப்பார்கள். சாரதி நெல்லை மிதிக்காமல் ஒதுக்கி ஒதுக்கி ஓட்டினார்.

பஸ்ஸில் யன்னலோரம் இடம் கிடைத்ததும் மடிக்கணினியைத் திறந்து, இயர்போனைக் காதில் செருகிக்கொண்டு, கஜன் தந்த முதல் கோப்பைப் போட்டேன். ஞானமும் அவனுடைய வண்டிலும். யோகாவின் இருபது சொச்ச வயதுக் குரல், சீராக, நான் பழக்கிய மாதிரி. வாக்கியம் முடிந்தது. நான் நிறுத்தப் போனேன். அதற்குள் அவள் பேசினாள்.

"மிஸ், இந்த ஞானம் ஏன் வெள்ளத்துக்கு முன்னம் வண்டிலைக் கட்டி வைக்கேல்லை? விசரனோ?"

அதற்கு என்னுடைய சிரிப்பு. பிறகு அவள், "பொறுங்கோ, மயில் கத்துது." பிறகு மயில். பிறகு தண்ணீர்ப் போத்தல் மூடி திறக்கும் சத்தம், "உங்களுக்கும் வேணுமே?" என்ற கேள்வி.

நிறுவனத்தில் இவற்றையெல்லாம் குப்பை என்று வெட்டியிருந்தோம். வெட்டச் சொன்னதே நான்தான். செய்யவேண்டிய வேலைக்கு அதுதான் சரி. ஆனால் வெட்டாத இந்தக் கோப்புகளில், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அடுத்த வாக்கியத்துக்கும் நடுவில் அவள் கதைத்துக்கொண்டே இருந்தாள். அலுத்துக்கொண்டாள், சிரித்தாள், யாரோ கதவைத் தட்டியதற்கு அதட்டினாள், என் சாப்பாட்டைப் பற்றி விசாரித்தாள். அவள் எனக்குச் சொன்ன 'நான் கதைக்கிற கதை' முழுவதும் அங்கே கிடந்தது. புதுக்குடியிருப்பு எப்போது வந்தது என்று எனக்குத் தெரியாது. பக்கத்தில் இருந்த பெண்மணி என் கையைத் தொட்டு, "ஏன் பிள்ளை, ஏதும் கெட்ட செய்தியோ?" என்று கேட்டபோதுதான் நான் அழுதுகொண்டிருந்தது தெரிந்தது.

"இல்லை அம்மா, நல்ல செய்திதான்" என்றேன்.

முல்லைத்தீவு பஸ் நிலையத்துக்கு அருகில் சோறும் மீன் குழம்பும் சாப்பிட்டேன். அறுநூறு ரூபா, மீன் அன்றைய மீன். கொக்கிளாய்க்கு பஸ் உண்டு, ஆனால் அடிக்கடி இல்லை. ஒலிப்பதிவுக் கருவிகளைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நிற்க விரும்பாமல் ஓட்டோ பிடித்தேன். அலம்பில், செம்மலை, நாயாறு, கொக்குத்தொடுவாய் என்று கரையோரமாகப் போகும் பாதை. நாற்பது கிலோமீற்றருக்குக் கொஞ்சம் குறைவு. நாலாயிரம் கேட்டார், கொடுத்தேன். சாரதியின் பெயர் ராஜு. அவருடைய அப்பா அம்மா தேயிலைத் தோட்டத்திலிருந்து வன்னிக்கு வந்தவர்கள்.

"என்ன வேலைங்க செய்றீங்க?" என்று கேட்டார். மூன்றையும் சொன்னேன்.

"மூணுக்கும் மூணு சம்பளமா?"

"எழுதுறதுக்குச் சம்பளம் இல்லை."

"அப்ப அத ஏன் செய்றீங்க?"

நாயாற்றுப் பாலத்தில் காற்று அடித்தது. ஒருபக்கம் கடல், மறுபக்கம் களப்பு, அதாவது கடலேரி. ராஜு பதிலுக்குக் காத்திருக்கவில்லை. தன் வயலில் இந்த முறை நெல் எப்படி என்று சொல்லத் தொடங்கியிருந்தார்.

யோகாவின் வீடு களப்பிலிருந்து கொஞ்சம் உள்ளே இருக்கிறது. அவள் வேலிப் படலையைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். மெலிந்திருந்தாள். கழுத்தில் ஒரு பக்கம் இலேசான வீக்கம். தெரிந்து பார்த்தால்தான் தெரியும். இடுப்பில் மகள் ஆரணி. பிள்ளை என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் தாயின் தோளில் புதைத்துக்கொண்டது.

"வாங்கோ மிஸ். குசினிக்குள்ள வாங்கோ, அங்கதான் காத்து" என்று சமையலறைக்குக் கூட்டிப் போனாள் யோகா.

அவளுடைய கணவன் தவம் களப்பில் இறால் பிடிப்பவர். அதிகம் பேசாத மனிதர். அன்று தொழிலுக்குப் போகவில்லை. கதிரையை எடுத்துப் போட்டுவிட்டு, "என்ன உதவி வேணுமெண்டாலும் சொல்லுங்கோ" என்றார்.

முதல் வேலை, சத்தம் இல்லாத இடம் கண்டுபிடிப்பது. வீட்டைச் சுற்றிப் பனை. காற்றுக்கு ஓலை உரசிக்கொண்டே இருந்தது. கடைசியில் படுக்கை அறையில் அலுமாரியின் இரண்டு கதவையும் திறந்து, தொங்கும் சேலைகளுக்கு நேரே யோகாவை உட்கார வைத்து, ஒலிவாங்கியைச் சேலைகளின் நடுவில் வைத்தேன். துணி எதிரொலியை விழுங்கிவிடும். வீட்டில் பதிவு செய்ய விரும்புபவர்கள் இதை முயன்று பாருங்கள், செலவே இல்லை. தவம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு படலையடியில் நின்று, மோட்டார் சைக்கிளில் வருபவர்களை மெதுவாகப் போகச் சொன்னார்.

பிள்ளைக்குச் சொல்வதற்காகச் சில வாக்கியங்களை ரயிலில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். யோகா முதலாவதை வாசித்தாள்.

"'கண்ணே, பள்ளிக்கூடத்துக்குக் கவனமாய்ப் போட்டு வா.'" நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "மிஸ், நான் இவளை ஒருநாளும் கண்ணே எண்டு கூப்பிட்டதில்லை."

"அப்ப என்னெண்டு கூப்பிடுறனீர்?"

"எருமை எண்டு."

இரண்டு பேரும் சிரித்தோம். என் தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்தேன். அதன் பிறகு எழுதி வாசிப்பது இல்லை. நான் கேட்பேன், அவள் சொல்வாள். பாடசாலையில் யாரை ஏசுவீர், எப்படி ஏசுவீர்? தவத்துக்கு இறால் விலை குறைந்தால் என்ன சொல்லுவீர்? பிள்ளை சாப்பிட மறுத்தால்? அவள் ஒவ்வொன்றையும் செய்தே காட்டினாள்.

"ஏச்சு நிறைய எடுங்கோ மிஸ். ஏச்சு வாங்காம ஒரு பிள்ளை வளருமே? இவருக்கு ஏசத் தெரியாது."

மாலையில் களைத்துவிட்டாள். குரல் கொஞ்சம் கரகரத்தது. போதும் என்று நிறுத்தி, வளாகத்துப் பழைய பதிவைப் போட்டுக் காட்டினேன். ஞானம், வண்டில், விசரன், மயில். யோகா வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள். தவம் பிள்ளையோடு வந்து அறை வாசலில் நின்றார். அது அவருக்கு அவளைத் தெரிந்திராத காலத்துக் குரல். கதவைத் தட்டியவரை அவள் அதட்டுகிற இடம் வந்தது.

"கலியாணத்துக்கு முன்னமே இவா இப்பிடித்தானோ?" என்று என்னிடம் கேட்டார்.

"இதைவிட மோசம்" என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டே முற்றத்துக்குப் போய்விட்டார். வெகுநேரம் உள்ளே வரவில்லை. யோகா எழும்பிப் போய் அவருக்குப் பக்கத்தில் நின்றாள். நான் வயர்களைச் சுற்றிக் கட்டுவது போல் பாவனை செய்துகொண்டு அறையிலேயே இருந்தேன்.

மறுநாள் காலையும் தொடர்ந்தோம். மதியத்துக்கு முன், எனக்குத் தேவையானதெல்லாம் கிடைத்துவிட்டது என்று சொன்னேன். யோகா கொஞ்சம் யோசித்தாள்.

"மிஸ், ஒருக்கா வெளியில நிக்கிறியளே? ஒண்டு தனியச் சொல்ல வேணும்."

எந்தப் பொத்தானை அழுத்துவது என்று அவளுக்குக் காட்ட வேண்டியிருக்கவில்லை. நான் களப்புக் கரைக்கு நடந்தேன். தண்ணீர் வற்றிய இடத்தில் நாரைகள் மேய்ந்துகொண்டிருந்தன. தூரத்தில் ஒருவர் இடுப்பளவு தண்ணீரில் வலையோடு நடந்தார். அவள் உள்ளே என்ன சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்று அறிய எனக்கு ஆசை இல்லாமல் இல்லை. கதை எழுதுபவள் அல்லவா? பதிவு சரியாக வந்திருக்கிறதா என்று பரிசோதிப்பதும் என் வேலைதான். அதைச் சாக்காக வைத்துக் கேட்டிருக்கலாம். திரும்பி வந்தபோது அவளுடைய கண்கள் சிவந்திருந்தன. திரையில் ஒலியின் கோடுகள் ஒழுங்காக ஏறி இறங்கியிருந்தன. அதை மட்டும் பார்த்தேன். அந்தக் கோப்பைக் கேட்காமலே தவத்தின் தொலைபேசிக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு, என் கணினியிலிருந்து யோகாவின் முன்னாலேயே அழித்தேன்.

திரும்பி வரும்போது தவம் என்னை மோட்டார் சைக்கிளில் பிரதான வீதிவரை ஏற்றி வந்து பஸ்ஸில் விட்டார். மறுக்க மறுக்க ஒரு பெட்டி இறாலும் தந்தார். ஐஸ் போட்டிருந்தும் வவுனியா தாண்டும்போது அந்தப் பெட்டி ரயில் முழுவதற்கும் தன்னை அறிவித்துவிட்டது.

கொழும்பில், வேலை முடிந்த பின் மாலை நேரங்களில், பழையதையும் புதியதையும் சேர்த்து யோகாவுக்கென்று ஒரு குரலைச் செய்தேன். நிறுவனத்தின் பொறுப்பாளரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கணினிகளைப் பாவிக்க அனுமதித்தார். அந்தக் குரலை வேறு எதற்கும் எடுப்பதில்லை என்று எழுதியும் தந்தார். அவள் தொலைபேசியில் தட்டச்சுச் செய்தால் அது அவளைப் போலவே பேசும். "எருமை" என்று தட்டினால், அவள் கூப்பிடும் அதே எருமை.

சத்திரசிகிச்சை நடந்தது. கட்டியை முழுதாக எடுத்துவிட்டார்கள், பயப்படக்கூடிய வகை இல்லை என்று தவம் செய்தி அனுப்பினார். குரலைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. நானும் கேட்கவில்லை. சில நாட்களின் பின் யோகாவே தட்டச்சுச் செய்து அனுப்பினாள். இப்போதைக்குக் காற்றுத்தான் வருகிறதாம். மாதக்கணக்கில் பொறுத்துப் பார்க்க வேண்டுமாம். ஆரணிக்குத் தொலைபேசிக் குரலைப் போட்டுக் காட்டியிருக்கிறாள். பிள்ளை தொலைபேசியைப் பார்த்து, அதைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்து, பிறகு அதைக் கீழே வைத்துவிட்டுத் தாயின் வாயை விரலால் திறந்து பார்த்ததாம். 'சிரிச்சிட்டன் மிஸ்' என்று எழுதியிருந்தாள்.

யோகா பாடசாலைக்குத் திரும்பியதும் அந்தக் குரல் நன்றாக உழைத்தது. வகுப்பில் தொலைபேசி அதட்டினால் பிள்ளைகள் உடனே அடங்குகிறார்களாம்.

இனிப் பயண விபரம். தை கடைசியிலிருந்து பங்குனி வரை இந்தப் பக்கம் போக நல்ல காலம். மழைக் காலத்தில் நாயாற்றுப் பக்கம் தண்ணீர் நிற்கும், விசாரித்துவிட்டுப் போங்கள். ரயில் இருக்கையை முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். விடுமுறை நாட்களில் கிடைக்காது. காசு எடுப்பதென்றால் முல்லைத்தீவு நகரத்திலேயே எடுத்துவிடுங்கள். கொக்கிளாயில் தங்குவதற்கு விடுதி எதையும் நான் காணவில்லை. முல்லைத்தீவில் தங்கிப் பகலில் போய்வரலாம். தொப்பியும் தண்ணீரும் கட்டாயம். பறவை பார்ப்பதென்றால் காலை வெயில் ஏறுவதற்கு முன் களப்புக் கரைக்குப் போங்கள். வலை கிடக்கும் இடத்தில் நடக்காதீர்கள், தொழில் செய்பவர்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். இறால் வாங்கினால் ஐஸைத் தாராளமாகப் போடச் சொல்லுங்கள்.

ராஜு கேட்ட கேள்விக்கு ரயிலில் வரும்போது யோசித்துப் பார்த்தேன். எழுதுவதை ஏன் செய்கிறேன் என்பதற்கு இன்னும் ஒழுங்கான பதில் இல்லை. மூன்று வேலையில் எது என் வேலை என்று கேட்பவர்களுக்கும் இல்லை. அந்த மெத்தை கட்டிய அறையில் மூன்றும் ஒன்றாக இருந்தபோது நான் சந்தோஷமாக இருந்தேன்; அது எனக்கு அப்போது தெரியவில்லை. அவ்வளவுதான் சொல்லத் தெரிகிறது.

இந்தக் கட்டுரையை முடித்துவிட்டு நேற்று மாலை பிழை பார்த்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. யோகாவின் இலக்கம். எடுத்தேன். கரகரவென்று ஒரு சத்தம், மணலில் எதையோ இழுப்பது போல. பிறகு ஒன்றுமில்லை. மறுபடியும் அதே சத்தம்.

"யோகா, லைன் சரியில்லை. வைச்சிட்டுத் திருப்பி எடும்" என்றேன்.

"லைன் நல்லாத்தான் இருக்கு மிஸ்" என்றது அந்தச் சத்தம். "நான்தான்."